உப்புத் தண்ணீருக்கு எந்தப் போன்? வாவிக்கு எந்தப் படகு?

கேள்வி: மகனுக்கு 16 வயது. நன்றாக நீந்துவான். பாய் விரித்து ஓடும் சின்னப் படகு ஒன்று வேண்டுமென்று ஒரு வருடமாக ஒற்றைக் காலில் நிற்கிறான். போல்கொட வாவிப் பக்கம் ஒருவர் தன்னுடைய பழைய லேசர் வகைப் பாய்ப்படகை விற்கப்போவதாகப் படம் போட்டிருக்கிறார். வாங்கலாமா? வாங்கினால், வீட்டுக்கு எதிரில் இருக்கும் கடலிலேயே விடலாமா? (ஒரு தகப்பன், கல்லடி)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடலில் விடாதீர்கள். கச்சான் காலத்தில் அந்தப் பேச்சே வேண்டாம்.

கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று. அது வீசும்போது கல்லடிக் கரையோரம் அலை படுத்துவிடும், தண்ணீர் தகடு மாதிரிக் கிடக்கும். படகு விட இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று பார்க்கிற எவருக்கும் தோன்றும். கரையை விட்டுத் தள்ளிப் போகப் போகத்தான் காற்றும் கூடும், அலையும் எழும்பும். திரும்பி வருவதென்றால் காற்றுக்கு எதிரே நேராக வர முடியாது. இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்குக் கடைசியில் கைவரும் வித்தை அது. நடுவில் சுக்கான் கழன்றாலோ பையன் களைத்துவிட்டாலோ காற்று அவனை வங்காள விரிகுடாவுக்குத்தான் கொண்டுபோகும். வாடைக் காலத்தில் கடலே கொந்தளித்துக்கொண்டிருக்கும் என்பதால் அப்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கச்சான் காலத்து அமைதிதான் ஆட்களை ஏமாற்றுகிறது.

உங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு மட்டக்களப்பு வாவி இருக்கிறது. மகன் அங்கே பழகட்டும். அங்கே காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் ஏதோ ஒரு கரையில்தான் கொண்டுபோய் ஒதுக்கும். ஆனால் வாவியையும் அறிந்து இறங்க வேண்டும். ஆழம் குறைவு என்பதால், படகு கவிழ்ந்தால் பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்தி நிற்கும். அப்போது பலத்தைக் காட்டி இழுத்தால் மரம் வளைந்துவிடும். படகின் முன்பக்கத்தைக் காற்றுக்குத் திருப்பி, மெதுவாகத்தான் தூக்க வேண்டும். முதலையும் உண்டு. எந்தப் பக்கம் நடமாட்டம் என்று தோணிக்காரர்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாமல் இராது. அவர்களுடைய வலை எங்கே கிடக்கிறது என்பதையும் அதே மூச்சில் கேட்டு வையுங்கள். லேசரின் நடுவில் செருகும் பலகை ஒரு வலையைக் கிழித்தால் அது ஒரு குடும்பத்தின் அன்றைய பிழைப்பு. மாரியில் வெள்ளம் வந்து, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டுப்பட்டிருக்கும் நாட்களில் அதை ஒட்டிய பாலமீன்மடுப் பக்கம் போகவே கூடாது. நீரோட்டம் பாயையும் மதிக்காது, துடுப்பையும் மதிக்காது.

இனி வாங்குகிற விஷயம். லேசர் நல்ல தெரிவுதான். 4.23 மீற்றர் நீளம், வெறும் உடல் புதிதில் 59 கிலோ. ஒரே உடலில் மூன்று அளவுப் பாய் கட்டலாம். பெரிய பாய் 7.06 சதுர மீற்றர், வளர்ந்த ஆளுக்கு உரியது. உங்கள் மகன் 50, 55 கிலோ என்றால் அதைக் கட்டிய முதல் நாளே பயந்துபோவான். 4.7 சதுர மீற்றர் பாயில் தொடங்கட்டும். பாய்மரம் இரண்டு துண்டாக வரும். கீழ்த் துண்டை மட்டும் மாற்றினால் போதும், மேல் துண்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே. விற்பவரிடம் எந்தப் பாய், எந்தக் கீழ்த் துண்டு இருக்கிறது என்று கேட்காமல் விலை பேசாதீர்கள்.

படத்தைப் பார்த்துப் பணம் அனுப்ப வேண்டாம். ஒரு நாள் செலவழித்து நேரில் போங்கள். முன்தளத்தில் பாய்மரம் இறங்கும் குழி இருக்கும். அதற்குள் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். விற்பவருடன் தேநீர் குடித்துக் கதைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் குழி வெடித்திருக்கிறது, படகின் வயிற்றுக்குள் போகிறது. நல்ல காற்றில் அந்த இடம் ஒரு நாள் பிய்த்துக்கொண்டு வரும். பிறகு தளம் முழுவதையும் பெருவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். குழியைச் சுற்றியும் உட்காரும் இடத்திலும் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே ஊறிப்போய்விட்டது. ஒரு தராசு கிடைத்தால் நிறுத்தே பாருங்கள். 59 கிலோ படகு 70 காட்டினால், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அலுமினிய மரத்தில் எவர்சில்வர் ஆணி அடித்த இடங்களில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு உலோகமும் உப்பும் சேர்ந்து அரித்த அடையாளம் அது.

போல்கொடவிலிருந்து மட்டக்களப்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். லொறிக் கூலியைப் படகின் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

உயிர்காப்பு அங்கியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். அங்கியில் நியூட்டன் என்று இருப்பது மிதக்க வைக்கும் விசையின் அளவு. 50 நியூட்டன் என்று எழுதியிருப்பது நீந்தத் தெரிந்தவர் கரைக்கு அருகில் போடுவது. மயங்கிய ஆளை அது நிமிர்த்தாது. அந்த வேலைக்கு 100 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஆள் துணையோடு வாவியில் பழகும் மகனுக்கு, உடம்போடு இறுக்கமாகப் பொருந்தும் 50 போதும். தளர்வாக இருந்தால் தண்ணீரில் விழுந்ததும் தலைக்கு மேலால் கழன்றுவிடும். போட்டுவிட்டுத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், காதுவரை ஏறினால் அது அவனுடைய அளவு இல்லை.

ஒன்றைத் தயவுசெய்து மறக்க வேண்டாம். பாய்மரம் ஏறக்குறைய 6 மீற்றர் உயர அலுமினியம். வீட்டிலிருந்து வாவிக்கரைக்குக் கொண்டுபோகும்போது அதை நிமிர்த்தக் கூடாது. ஒழுங்கைகளில் மின்கம்பி தலைக்கு மேலேயே போகிறது. கரையில் மேலே கம்பி இல்லாத இடம் பார்த்துத்தான் மரத்தை நிறுத்த வேண்டும்.

கேள்வி: அண்ணன், தண்ணீர் புகாத போன் என்று சொல்லி வாங்கினேன். பாசிக்குடாவில் குளிக்கும்போது கையில் வைத்துப் படம் எடுத்தேன். இரண்டு நாளில் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது. தண்ணீர் பட்டதற்கு உத்தரவாதம் இல்லை என்கிறது கடை. இது நியாயமா? (வாழைச்சேனை)

பதில்: தம்பி, இதே இழப்பு எனக்கும் நேர்ந்தது. பாலமீன்மடுவில் மச்சானின் தோணியில் போகும்போது போன் கால்மாட்டில் விழுந்து, தேங்கி நின்ற உப்புத் தண்ணீரில் சில நிமிடம் கிடந்தது. எடுத்துத் துடைத்தேன், வேலை செய்தது. அன்றிரவே சார்ஜ் போட்டேன். மூன்றாம் நாள் சார்ஜர் செருகும் துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால், நடுவிலிருக்கும் மெல்லிய நாக்கில் பாசி பிடித்தது போலப் பச்சை. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சில்லாமல் திருப்பித் தந்தார்.

பெட்டியில் ஐபி 68 என்று இருந்திருக்கும். அதில் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், அசையாமல் வைத்துச் செய்வது. உப்பு, அலை, மணல் எதுவும் அந்த எண்ணுக்குள் வராது. உத்தரவாத அட்டையின் சின்ன எழுத்தில், தண்ணீரால் வரும் பழுது சேராது என்றுதான் பெரும்பாலும் இருக்கும். உங்களிடம் அதைச் சொல்லி விற்றிருக்க வேண்டும். "கடலுக்குக் கொண்டுபோகலாம்" என்று கடைக்காரர் வட்ஸ்அப்பில் எழுதியிருந்தாலோ விளம்பரத்தில் போட்டிருந்தாலோ, உங்கள் கையில் வழக்கு இருக்கிறது. பற்றுச்சீட்டையும் அந்தச் செய்தியின் படத்தையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுங்கள். வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. கடையோடு வாக்குவாதப்பட்டு மாதங்களை ஓட்டிவிட்டுப் பிறகு போகிறவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். விவரம் கேட்க 1977க்கு எடுக்கலாம். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால் உங்கள் பக்கம் பலம் குறைவு. இதைச் சொல்ல எனக்கே மனமில்லை.

இனிமேல் போன் உப்புத் தண்ணீரில் விழுந்தால் உடனே நிறுத்துங்கள். சார்ஜ் போடவே வேண்டாம், மின்சாரம் பாயும்போதுதான் உப்பு அந்த நாக்கைத் தின்கிறது. ஐபி 68 போன் என்றால் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, துளையைக் கீழ்நோக்கி வைத்து, காற்றோட்டமான இடத்தில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் உப்பு போகாது, துளைக்குள் தவிடுதான் போகும். கடலுக்கென்று ஒரு பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். வாங்கியதும் போனை வைக்காமல் ஒரு டிஷ்யூத் தாளை மடித்து உள்ளே வைத்து, வாளித் தண்ணீரில் கல்லைக் கட்டி ஒரு மணி நேரம் அமிழ்த்துங்கள். தாள் காய்ந்திருந்தால் பிறகு போனை நம்பி வைக்கலாம்.

பழைய போன் ஒன்றைக் கையிலிருந்து வாங்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பணம் கொடுக்கும் முன் *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும், அதுதான் ஐஎம்இஐ எனப்படும் போனின் அடையாள எண். ஐஎம்இஐ என்று தட்டி, இடம் விட்டு, அந்த எண்ணையும் போட்டு 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். ஐஎம்இஐ என்பதை ஆங்கில எழுத்தில் (IMEI) தட்ட வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்த எண் பதிவில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க். என் போன் பற்றரி 5,000. நான்கு தடவை ஏற வேண்டும், மூன்றுகூட முழுதாக ஏறவில்லை. ஏமாந்துவிட்டேனா? (கல்முனை)

பதில்: இல்லை. 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் போட்ட கணக்கு. 20,000 எம்ஏஎச் என்றால் 20 அம்பியர் மணி, அதை 3.7ஆல் பெருக்கினால் 74 வொட் மணி. அதை 5 வோல்ட்டாக மாற்றும்போது கொஞ்சம் சூடாகப் போகும், போனுக்குள் ஏறும்போது இன்னும் கொஞ்சம் போகும். மூன்று தடவைக்குச் சற்றுக் குறைவு என்பது நேர்மையான பொருளின் அளவுதான். ஏமாற்றைப் பிடிக்க நிறுத்துப் பாருங்கள். அந்த அளவுக்குச் செல் மட்டுமே 300 கிராமுக்குக் கிட்ட வரும். 20,000 என்று எழுதிய பொருள் 200 கிராம்தான் நிற்கிறது என்றால், எழுதியது உள்ளே இல்லை.

கேள்வி: வீட்டில் வாப்பாவின் தறி இருக்கிறது. சாரன், சேலை நெய்கிறோம். பேஸ்புக்கில் பக்கம் திறந்து விற்க ஆசை. பொருள் கைக்குக் கிடைத்ததும் காசு என்ற முறையில்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தாக்குப்பிடிக்குமா? (ஒரு சகோதரி, மருதமுனை)

பதில்: மருதமுனைக் கைத்தறி என்றால் நாடு முழுக்கத் தெரியும், பெயருக்காக நீங்கள் விளம்பரம் செய்யத் தேவையில்லை. பயம் கணக்கில்தான். புரிவதற்காகச் சில எண்களை நானே வைக்கிறேன். சாரன் விலை 2,000 ரூபா, உங்களுக்கு அடக்கம் 1,500, பொதி செய்ய 50. ஒன்றுக்கு 450 மிஞ்சும். கூரியர் கூலி 400, அதை வாங்குபவர் தருவார். பத்து அனுப்புகிறீர்கள், எட்டு பேர் எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டு திரும்பி வருகிறது. எட்டில் 3,600 கிடைத்தது. திரும்பிய இரண்டுக்கும் கூலியும் பொதியும் உங்கள் தலையில், 900 போய்விட்டது. பக்கத்தை முன்னுக்குத் தள்ள பேஸ்புக்குக்கு விளம்பரக் காசு 1,500 கட்டியிருந்தால் மிச்சம் 1,200. பத்துச் சாரனை நெய்து, மடித்து, அனுப்பி, நாள் முழுக்க வட்ஸ்அப்பில் பதில் சொன்னதற்கு 1,200. இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், திரும்பி வரும் அந்த இரண்டைக் குறைக்கப் பாருங்கள்.

கூரியர் கூலியை மட்டும் முன்பணமாகக் கேளுங்கள். 400 ரூபா போட்டவர் வாசலில் வந்த பொதியை வேண்டாம் என்று சொல்வது குறைவு. பழகிய வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டாம், புதியவரிடம் மட்டும் போதும். அனுப்பும் நாளில் ஒரு தடவை போன் எடுத்துக் கதையுங்கள். படத்தைக் காலை வெளிச்சத்தில், நிழலில் வைத்து எடுங்கள், குழல் விளக்கில் எடுத்தால் மெரூன் சிவப்பாகிவிடும், "படத்தில் வேறு நிறம்" என்றுதான் பாதிச் சண்டை தொடங்கும். நீளம் அகலத்தை அளவுநாடாவைப் பக்கத்தில் விரித்தே படம் எடுத்துப் போடுங்கள். முதல் துவைப்பில் சாயம் கொஞ்சம் போகுமென்றால் அதையும் எழுதிவிடுங்கள். அதைப் படித்துவிட்டு வாங்குகிறவர் திருப்பி அனுப்பமாட்டார்.

காசு போட்டுவிட்டேன் என்று வங்கிச் சிட்டையின் படம் அனுப்புவார்கள். படத்தை யாரும் திருத்தலாம். உங்கள் கணக்கில் காசு விழுந்ததைக் கண்ட பிறகு பொதியைக் கட்டுங்கள். "உங்களுக்குக் காசு அனுப்ப இந்த இணைப்பில் கார்ட் எண் போடுங்கள், வந்த இரகசிய எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். காசு பெறுவதற்கு வங்கிக் கணக்கு எண்ணும் பெயரும் கிளையும் போதும்.

தொடங்கி இரண்டு மாதம் நடந்து பார்த்து, ஓடும் என்று தெரிந்ததும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து வையுங்கள். வாப்பாவின் பெயரிலா உங்கள் பெயரிலா என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்தை நடத்தப்போவதும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லப்போவதும் நீங்கள், அதனால் உங்கள் பெயரிலேயே பதியுங்கள்.