லூப் எடுத்த பிறகு எப்போது பிள்ளை தங்கும்? கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் குடும்ப நல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். லூப், அதாவது பிள்ளை தங்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் சிறு சாதனம், எடுத்த பிறகு கருத்தரிப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, லூப் எடுத்த பிறகு கர்ப்பப்பை ஆற ஆறு மாதம் விட வேணும் என்று மாமி சொல்கிறா. உண்மையா? (மானிப்பாய்)

தேவையில்லை தங்கச்சி. செப்பு லூப் விந்தணுக்களைத்தான் செயலிழக்கச் செய்கிறது. முட்டை வெளிவருவதை நிறுத்துவதில்லை. எடுத்ததும் தடை போய்விடும். அடுத்த மாதவிடாய்க்கு முன்பே கூடத் தங்கலாம். அதனால் எடுப்பதற்கு முன்பே போலிக் அமிலக் குளிசையைத் தொடங்குங்கள், நாளுக்கு 400 மைக்ரோகிராம். பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகத் தொடங்குவது மிக ஆரம்பத்தில்; தங்கியது தெரியவரும்போது அந்தக் கட்டம் பெரும்பாலும் கடந்திருக்கும். ருபெல்லா ஊசி போடாதவர் என்றால் அதையும் முதலே போடுங்கள். போட்ட பின் ஒரு மாதம் தங்காமல் பார்க்க வேணும்.

எனக்கு 37 வயது. எட்டு வருடம் லூப் இருந்தது. எடுத்து ஏழு மாதமாகியும் தங்கவில்லை. லூப்தான் பழுதாக்கிவிட்டதா? (நெல்லியடி)

லூப்பின் மேல் பழி போட வேண்டாம். எடுத்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் அளவில் ஒரு வருடத்துக்குள் கர்ப்பமாகிறார்கள். லூப்பே வைக்காதவர்களின் நிலையும் ஏறத்தாழ அதுதான். எத்தனை வருடம் வைத்திருந்தீர்கள் என்பதால் இது மாறுவதில்லை. ஆனால் அந்த எட்டு வருடத்தில் உங்கள் வயதும் ஏறியிருக்கிறது. 35 தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்றும் தங்காவிட்டால் வைத்தியரிடம் போக வேணும். இளையவர்கள் ஒரு வருடம் பார்க்கலாம். முன்பு அடிவயிற்று நோவு, காய்ச்சல், கெட்ட மணத்தோடு வெள்ளைபடுதல் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கிருமித் தொற்று கருக்குழாயை அடைத்துவிடக்கூடும்.

இன்னொன்று: அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விந்துப் பரிசோதனை லேசானது, நோவில்லாதது. மனைவியை மட்டும் ஸ்கான், இரத்தப் பரிசோதனை என்று அலைக்கழித்துவிட்டுக் கணவரைக் கடைசியில் பார்ப்பது பெரிய அநியாயம்.

என் மச்சாளுக்குப் பிள்ளை தங்க ஒரு வருடம் சென்றதே? (வேலணை)

அவ போட்டது மூன்று மாதக் கருத்தடை ஊசி என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேறு. கடைசி ஊசிக்குப் பிறகு தங்க சராசரியாக ஒன்பது, பத்து மாதம் செல்லும்.

லூப்பின் நூலைப் பிடித்து நானே இழுக்கலாமா? (சாவகச்சேரி)

வேண்டாம். கிளினிக்கில் சில நிமிட வேலை. பிள்ளை வேண்டாம் என்பவர்கள், எடுப்பதற்கு முந்திய ஏழு நாளும் உறவைத் தவிர்க்க வேணும், அல்லது ஆணுறை பாவிக்க வேணும். விந்தணு சில நாள் உள்ளே உயிரோடு இருக்கும்.

லூப் இருக்கும்போதே மாதவிடாய் தள்ளிப்போய்விட்டது. (பருத்தித்துறை)

இன்றைக்கே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். தங்கியிருந்தால் ஸ்கான் கட்டாயம், கரு குழாயில் நிற்கிறதா என்று பார்க்க. ஒரு பக்க அடிவயிற்றில் கடும் நோவு, தலைச்சுற்று, தோள்மூட்டு நோவு வந்தால் நடு இரவென்றாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.