புதுப்பந்து தராதது ஒப்பந்த மீறலா?

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் கிரிக்கெட் கிளப்புக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வேகப்பந்து வீசுகிறேன். இன்னும் ஓராண்டு பாக்கி. சென்ற ஆண்டு அணியில் அதிக விக்கெட் எடுத்தவன் நான்தான். இப்போது புதிதாக வந்தவருக்குப் புதுப்பந்தைக் கொடுத்து என்னை அவமானப்படுத்துகிறார்கள். வேறு கிளப் அழைக்கிறது. விலகினால் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும், ஒப்பந்தம் முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் வேறெங்கும் ஆடக்கூடாது என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. இரண்டாம் தவணைச் சம்பளமும் நான்கு மாதமாக வரவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம். மூலத்தில் புதுப்பந்துக்கு இரண்டு பக்கம், சம்பளப் பாக்கிக்கு ஒரே வரி. வழக்குக்கு உதவப்போவது அந்த ஒரு வரிதான். முதல் ஓவரை யார் வீசுவது என்பது கேப்டன் விருப்பம். ஒப்பந்தத்தில் எழுதியிராவிட்டால் எந்த நீதிபதியும் அதைக் காதில் வாங்க மாட்டார்.

அமெரிக்க பேஸ்பாலில் 1974இல் கேட்ஃபிஷ் ஹன்டர் என்ற நட்சத்திரப் பிட்சர் (பந்து வீசுபவர்) ஓக்லண்ட் அணியிலிருந்து விடுபட்டதும் இப்படிச் சம்பளப் பாக்கியை வைத்துத்தான். அன்றைய விதிப்படி, உரிமையாளர் விடாமல் எவ்வளவு பெரிய வீரரும் அணி மாற முடியாது. ஆனால் அவருடைய சம்பளம் 1 லட்சம் டாலரில் பாதியை இன்சூரன்ஸ் நிறுவனத்தில் கட்டுவதாக ஒப்புக்கொண்ட உரிமையாளர் சார்லி ஃபின்லி, கட்டவில்லை. எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, பத்து நாள் அவகாசமும் தந்த பிறகே ஹன்டர் தரப்பு, ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவரிடம் போனது. நடுவர் பீட்டர் சைட்ஸ் அவரை விடுவித்தார். ஆண்டின் கடைசி நாளில் நியூயார்க் யாங்கீஸ் அவரை 30 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து ஒப்பந்தம் செய்தது.

இனி நம் சட்டம். ஒப்பந்தம் முடிந்த பிறகான இரண்டு ஆண்டுத் தடை செல்லாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 27ஆம் பிரிவு அப்படி. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவருடைய விளம்பர நிர்வாக நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் இதை உறுதிசெய்தது. மீதமுள்ள ஓராண்டு வேறு கதை. ஒப்பந்த காலத்துக்குள் வேறு அணிக்கு ஆடினால் கிளப் தடை உத்தரவு கேட்கலாம். ஆனால் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, அப்படிக் கேட்பவர் தன் கடமையைச் செய்திருக்க வேண்டும். சம்பளம் தராதவர் அங்கே திணறுவார். 10 லட்சம் என்பதும் உச்சவரம்புதான். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடே கிடைக்கும்.

ஒரு தவணை தாமதமானதே ஒப்பந்தத்தை முறிக்கப் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். பாக்கியைக் கேட்டு, 15 நாள் கெடு வைத்துப் பதில் நோட்டீஸ் அனுப்புங்கள். அதுவரை பயிற்சிக்குத் தவறாமல் போங்கள். புதிய கிளப்பில் கையெழுத்து வேண்டாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கோபமும் வேண்டாம். கிரிக்கெட் சங்கத்தில் வீரரின் பதிவைக் கிளப் மாற்றும் விதி தனி, அதையும் பார்க்க வேண்டும். வக்கீலிடம் போகும்போது தவணைத் தேதிகள் உள்ள பின்னிணைப்போடு முழு ஒப்பந்தத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.