கேம் விமர்சனங்களும் மதிப்பெண்களும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கன்சோல் (பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற விளையாட்டுக் கருவி) கேம்களுக்கு விமர்சகர்கள் கொடுக்கும் மதிப்பெண்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே விஷயத்தைப் பலரும் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கேள்விகளுக்குள் போவோம்.

கேள்வி: மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 86, 91 என்று ஓர் எண் போடுகிறார்களே, அது எல்லா விமர்சனங்களின் சராசரிதானா?

சராசரிதான், ஆனால் எல்லோருக்கும் சம எடை கிடையாது. 2001இல் தொடங்கிய அந்தத் தளம் சில ஊடகங்களுக்குக் கூடுதல் எடையும் சிலவற்றுக்குக் குறைவான எடையும் கொடுத்துக் கணக்கிடுகிறது. யாருக்கு எவ்வளவு எடை என்பதை அவர்கள் வெளியிடுவதில்லை. குறைந்தது நான்கு விமர்சனங்களாவது வந்த பிறகுதான் எண் தோன்றும். ஐந்து நட்சத்திரம், பத்துக்கு ஒன்பது, 'ஏ' அல்லது 'பி' என்று ஆளுக்கொரு முறையில் கொடுப்பதையெல்லாம் நூற்றுக்கு மாற்றிவிடுவார்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர் 'நன்றாக இருக்கிறது' என்று நினைத்துக் கொடுத்திருப்பார். அங்கே அது 60 ஆகிவிடும். கேம் உலகில் 60 என்றால் என்ன பொருள் என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

சம எடையோடு சராசரி வேண்டுமென்றால் 2015இல் வந்த ஓபன்கிரிட்டிக் தளத்தைப் பாருங்கள். எத்தனை சதவீத விமர்சகர்கள் அந்த கேமைப் பரிந்துரைக்கிறார்கள் என்பதையும் அங்கே தனியாகக் காட்டுகிறார்கள். எனக்கு அந்தச் சதவீதம்தான் சராசரியைவிட அதிகம் பயன்படுகிறது.

கேள்வி: பள்ளியில் 35 வாங்கினால் தேர்ச்சி. கேமுக்கு 70 வந்தால்கூட 'தேறாது' என்கிறார்களே, ஏன் அண்ணா?

நல்ல கேள்வி, தம்பி. இதற்கான சாட்சி மெட்டாக்ரிட்டிக்கின் வண்ணங்களிலேயே இருக்கிறது. அந்தத் தளத்தில் ஒரு திரைப்படம் 61 வாங்கினாலே பச்சைப் பெட்டி கிடைத்துவிடும். கேமுக்குப் பச்சை கிடைக்க 75 வேண்டும். 50க்குக் கீழே போனால் கேமுக்குச் சிவப்பு; படத்துக்கோ 40 வரை மஞ்சள்தான். அதாவது கேம் விமர்சகர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள் என்று தெரிந்தே கோட்டை மேலே தூக்கி வரைந்திருக்கிறார்கள்.

ஏன் தாராளம்? முதல் காரணம், அமெரிக்கப் பள்ளி முறை. அங்கே 70 என்பது 'சி'. அதற்குக் கீழே போனாலே பெற்றோருக்கு முகம் சுருங்கும். கேம் பத்திரிகைகளில் பெரும்பாலானவை அந்த மண்ணில் வளர்ந்தவை. இரண்டாவது, உண்மையிலேயே மோசமான கேம்களுக்குப் பெரும்பாலும் விமர்சனமே வராது. வாராவாரம் வெளியாகும் எண்ணற்ற கேம்களில், பெரிய நிறுவனங்கள் பல ஆண்டு உழைத்து எடுத்தவற்றைத்தான் ஊடகங்கள் கையில் எடுக்கின்றன. அவற்றில் ஓரளவு தரம் இருக்கத்தான் செய்யும். ஆகவே அளவுகோலின் கீழ்ப்பாதி காலியாகக் கிடக்கிறது.

இதற்கு விதிவிலக்காக நான் மதிப்பது பிரிட்டனின் 'எட்ஜ்' இதழை. 1993இல் தொடங்கிய அந்த இதழில் 5 என்றால் நிஜமாகவே நடுத்தரம். 'டூம்' கேமுக்கே 7தான் கொடுத்தார்கள். முதல் 10 கொடுக்க 1996இல் 'சூப்பர் மாரியோ 64' வர வேண்டியிருந்தது. எட்ஜ் கொடுத்த 7ஐயும் மற்றொருவர் கொடுத்த 7ஐயும் ஒரே தட்டில் வைக்கவே கூடாது. சராசரி போடும் தளங்கள் அதைத்தான் செய்கின்றன.

கேள்வி: ஒரே கேமுக்கு ஒருவர் 2, இன்னொருவர் 10 கொடுத்தால் யாரை நம்புவது?

நீங்கள் கற்பனையாகக் கேட்டிருக்கலாம். ஆனால் இது அப்படியே நடந்தது. 2010இல் எக்ஸ்பாக்ஸ் 360இல் வெளியான 'டெட்லி பிரிமனிஷன்' கேமுக்கு ஐஜிஎன் என்ற விமர்சனத் தளம் கொடுத்தது பத்துக்கு 2. டிஸ்ட்ரக்டாய்டு என்ற இன்னொரு தளம் கொடுத்தது பத்துக்கு 10. விமர்சகர்களை அதிகம் பிளவுபடுத்திய திகில் கேம் என்று கின்னஸ் புத்தகத்திலேயே அது இடம்பிடித்தது.

கேமைக் கொஞ்சம் சொல்கிறேன். கிரீன்வேல் என்ற சிற்றூரில் ஓர் இளம்பெண் கொலை செய்யப்படுகிறாள். விசாரிக்க வரும் எஃப்.பி.ஐ. அதிகாரி யார்க், நம் கண்ணுக்குத் தெரியாத 'ஸாக்' என்பவனோடு ஓயாமல் பேசுகிறான். காபிக் கோப்பைக்குள் துப்பு தேடுகிறான். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அன்றாட நடமாட்டம் உண்டு. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் அவர்கள் சாப்பிடுவதைக்கூடப் பார்க்கலாம். இன்னொரு பக்கம், கார் ஓட்டுவது பெரும் தண்டனை, துப்பாக்கிச் சண்டைகள் சலிப்பு, காட்சிகள் அந்தக் காலத்துக்கே பழசு.

2 கொடுத்தவர் சொன்ன குறைகள் எல்லாம் உண்மை. 10 கொடுத்தவர் கண்ட அழகும் உண்மை. இருவரில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது 68 என்ற சராசரிதான்! 'பரவாயில்லை ரகம்' என்று அது சொல்கிறது. அந்த கேமை விளையாடிய யாருமே அப்படி உணர்ந்திருக்க மாட்டார்கள். சிலர் முதல் மணி நேரத்திலேயே தூக்கி எறிந்தார்கள், சிலர் இன்றுவரை அதைக் கொண்டாடுகிறார்கள்.

ஆகவே நடுத்தர எண்ணைக் கண்டால் உடனே நகர்ந்துவிடாதீர்கள். உள்ளே போய், எல்லோரும் 7 கொடுத்ததால் வந்த 70ஆ, பாதிப்பேர் 4, பாதிப்பேர் 10 கொடுத்ததால் வந்த 70ஆ என்று பாருங்கள். இரண்டாம் வகை என்றால் மிக உயர்ந்த விமர்சனத்தையும் மிகத் தாழ்ந்த விமர்சனத்தையும் முழுவதும் படியுங்கள். தாழ்ந்ததில் சொல்லும் குறைகளை உங்களால் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி: காசு வாங்கிக்கொண்டுதான் மதிப்பெண் போடுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

உறையில் பணம் போட்டுக் கொடுப்பது போன்ற கதைகளை நான் நம்புவதில்லை. அழுத்தம் வேறு வழியில் வருகிறது. 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் தளத்தின் மூத்த விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் வேலையை விட்டு நீக்கப்பட்டார். 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற கேமுக்கு அவர் 6 கொடுத்திருந்தார். அதே நேரம் அந்தத் தளம் முழுக்க அதே கேமின் விளம்பரங்கள். தொடர்பில்லை என்று அப்போது மறுத்தார்கள். பேசத் தடையாக இருந்த ஒப்பந்தம் 2012இல் விலகிய பிறகு, விளம்பரதாரர்களின் நெருக்கடிதான் காரணம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவரை நீக்கியதும் உடன் வேலை செய்த சிலரும் வெளியேறினார்கள். 2008இல் 'ஜயன்ட் பாம்' தளம் பிறந்தது அதிலிருந்துதான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் நேர்மையாக எழுதுகிறவர்கள் ஏராளம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 'எல்லோரும் விலைபோனவர்கள்' என்று பேசுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

மதிப்பெண்ணால் உண்மையில் பணம் கைமாறும் இடம் ஒன்று உண்டு. 2010இல் வெளியான 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' கேமை உருவாக்கியது அப்சிடியன், வெளியிட்டது பெதஸ்டா. மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால்தான் அப்சிடியனுக்கு ஊக்கத்தொகை என்று பேச்சு. வந்தது 84. ஒரே ஒரு புள்ளியில் போயிற்று. அப்சிடியனின் கிறிஸ் அவெலோன் 2012இல் இதை ட்விட்டரில் சொன்னார். யாருக்கு எவ்வளவு எடை என்று வெளியே சொல்லாத ஒரு கணக்கை நம்பி, ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களின் வருமானத்தைத் தீர்மானிப்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

கேள்வி: சைபர்பங்க் 2077க்கு 90க்கு மேல் மதிப்பெண் பார்த்து பிஎஸ்4க்கு (பிளேஸ்டேஷன் 4) வாங்கி ஏமாந்தேன். விமர்சகர்கள் பொய் சொன்னார்களா?

அவர்கள் விளையாடிய கேம் வேறு, உங்கள் கைக்கு வந்த கேம் வேறு. 2020 டிசம்பர் 10 வெளியீட்டுக்கு முன்பு விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பை மட்டும்தான் அனுப்பினார்கள். தாங்கள் பதிவு செய்த காட்சிகளைக் காட்டக்கூடாது, நிறுவனம் கொடுத்த வீடியோவை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை வேறு. பழைய பிளேஸ்டேஷன் 4இல் அது எப்படித் திணறுகிறது என்பது வெளியீட்டு நாளில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இன்று மெட்டாக்ரிட்டிக்கில் கணினிப் பதிப்பு 86, பிஎஸ்4 பதிப்பு 57. ஒரே கேம், ஒரே பெயர்! வெளியாகி ஒரு வாரம் கடந்த நிலையில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூனில்தான் திரும்பவும் விற்பனைக்கு வந்தது.

விமர்சகர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. கன்சோல் பதிப்பைக் காட்ட மறுத்தார்கள் என்பதைத் தலைப்பிலேயே போட்டிருக்க வேண்டும். சிலர் குறிப்பிட்டார்கள், ஆனால் பத்துக்கு ஒன்பது என்ற எண்ணுக்குக் கீழே அது யார் கண்ணிலும் படவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: எண்ணைப் பார்க்கும்முன் அது எந்தக் கருவிக்கான எண் என்று பாருங்கள். ஒவ்வொரு கன்சோலுக்கும் தனி எண் இருக்கும். உங்கள் கன்சோலுக்கு விமர்சனமே இல்லையென்றால் காத்திருங்கள். டிஜிட்டல் ஃபவுண்ட்ரி போன்றவர்கள் ஒவ்வொரு கன்சோலிலும் படம் எவ்வளவு சீராக ஓடுகிறது என்று அளந்து காட்டுவார்கள். அதைப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

கேள்வி: அப்படியானால் விமர்சனம் தாமதமாக வந்தாலே சந்தேகப்பட வேண்டுமா?

சந்தேகப்படலாம், முடிவு கட்டக்கூடாது. 2016இல் 'டூம்' புதிய பதிப்பின் பிரதிகளை விமர்சகர்களுக்கு முன்கூட்டித் தரவில்லை. எல்லோரும் பயந்தார்கள். கேமோ அந்த ஆண்டின் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாக இருந்தது.

கேள்வி: விமர்சகர்களை விடுங்கள். மக்கள் கொடுக்கும் மதிப்பெண்தானே உண்மையானது?

மக்கள் விளையாடிவிட்டுக் கொடுத்தால் உண்மையானதுதான். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' 2020 ஜூன் 19 அன்று வெளியானது. விமர்சகர்கள் தந்தது 93. முதல் நாட்களில் வாசகர் மதிப்பெண் பத்துக்கு 4ஐக்கூடத் தொடவில்லை. முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் கேமுக்கு, வெளியான சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கில் சுழியங்கள் விழுந்தன. கதை முன்பே கசிந்திருந்ததால் கோபத்தைத் தயாராக வைத்திருந்தவர்கள் பலர். அந்தக் கதையை மனதார வெறுத்தவர்களும் இருந்தார்கள், அவர்கள் கருத்துக்கு முழு மதிப்பு உண்டு. ஆனால் இந்தக் கூச்சலில் அவர்கள் குரல்தான் முதலில் காணாமல் போனது. அதன் பிறகே மெட்டாக்ரிட்டிக், வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் வாசகர்கள் மதிப்பெண் போடலாம் என்று விதி கொண்டுவந்தது.

விமர்சகர்களைத் தாக்குவதும் இதே நோய்தான். 2017இல் 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேமுக்கு ஜிம் ஸ்டெர்லிங் என்ற பெயரில் எழுதிவந்தவர் 7 கொடுத்ததற்காக அவருடைய தளத்தையே முடக்கினார்கள். 2013இல் 'ஜிடிஏ 5' (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5) கேமுக்கு கேம்ஸ்பாட் கொடுத்தது 9. பெண்களைச் சித்திரிக்கும் விதத்தை அந்த விமர்சனம் கண்டித்ததால், எழுதியவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். பத்துக்கு ஒன்பது கொடுத்தவருக்கு இந்தக் கதி!

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. 97 மதிப்பெண் பெற்ற கேம் என்று ஜிடிஏ 5 கேட்கிறான். வாங்கித் தரலாமா?

வேண்டாம் அம்மா. 97 என்பது கேமின் தரத்துக்கான எண். யாருக்கு ஏற்றது என்பதை அது சொல்லாது. அட்டையின் மூலையில் வயதுக் குறி இருக்கும். ஐரோப்பிய முறையில் அந்த கேமுக்கு 18, அமெரிக்க முறையில் 17 வயதும் அதற்கு மேலும். அதே 97 வாங்கிய 'சூப்பர் மாரியோ ஒடிசி' இருக்கிறது. வீட்டில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல் இருந்தால் அதை வாங்கிக் கொடுங்கள், நீங்களும் கூட உட்கார்ந்து விளையாடலாம்.

கேள்வி: ஜப்பானின் ஃபாமிட்சு 40க்கு 40 கொடுத்தது என்று விளம்பரங்களில் போடுகிறார்களே, அது என்ன கணக்கு?

ஃபாமிட்சு வார இதழில் ஒவ்வொரு கேமையும் நான்கு பேர் விளையாடுவார்கள். ஆளுக்குப் பத்து, மொத்தம் நாற்பது. ஒவ்வொருவரும் சில வரிகள்தான் எழுதுவார்கள். முதல் 40, 1998இல் 'செல்டா: ஒக்காரினா ஆஃப் டைம்' கேமுக்குக் கிடைத்தது. மெட்டாக்ரிட்டிக்கில் இன்றுவரை யாரும் தாண்டாத 99ஐ வைத்திருப்பதும் அதே கேம்தான். தொடக்கத்தில் 40 கிடைப்பது அபூர்வம், பிறகு அவ்வளவு அபூர்வமாக இல்லை. எனக்கு அதில் பிடித்தது கூட்டுத்தொகை அல்ல. 9, 9, 8, 6 என்று நான்கு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும். கருத்து வேறுபாடு கண்ணுக்கு நேராகத் தெரியும்.

கேள்வி: 'வெண்பா' கேம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று சில விமர்சனங்கள் குறை சொல்கின்றன. நீளம் குறைவு என்று மதிப்பெண் குறைப்பது நியாயமா?

விலையை நினைத்து வாங்குகிறவருக்கு நீளம் தெரிய வேண்டும். ஆகவே சொல்வது நியாயம். அதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பது எனக்கு உடன்பாடில்லை. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயரும் வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின் ஆகியோரின் கதை அது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்திருக்கும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். கதை எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு நேரம் ஓடுகிறது. இன்னும் பத்து சமையலை அடைத்து நீட்டியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான, பிரிட்டனின் பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தது. 'சற்றே நீண்டிருக்கலாம்' என்று எழுதியவர்கள் பலரும் அதே விமர்சனத்தில் கவினும் அம்மாவும் பேசும் காட்சிகளை மனம் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பத்திகளைப் படியுங்கள்.

கேள்வி: மதிப்பெண்ணே போடாத தளங்கள் இல்லையா?

உண்டு. யூரோகேமர் 2015இல் எண்களைக் கைவிட்டது, பாலிகன் 2018இல் கைவிட்டது. ஆனால் யூரோகேமர் 2023இல் ஐந்து நட்சத்திர முறைக்குப் போய்விட்டது. வாசகர்கள் எண்ணைத்தான் தேடுகிறார்கள் என்பது கசப்பான உண்மை.

கேள்வி: 'நோ மேன்ஸ் ஸ்கை' தள்ளுபடியில் கிடைக்கிறது. மதிப்பெண் 71 என்று காட்டுகிறது. வாங்கலாமா ஐயா?

அந்த 71, 2016 ஆகஸ்டில் வெளியான கேமுக்கு உரியது. அன்றிருந்த கேம் இன்று அப்படியே இல்லை. 2018இல் நண்பர்களோடு சேர்ந்து முழுமையாக விளையாடும் வசதி வந்தது, 2019இல் விஆர் (கண்ணில் மாட்டும் கருவியால் கேமுக்குள்ளேயே இருப்பது போல விளையாடும் வசதி) வந்தது, அதன் பிறகும் இலவசமாக விரிவாக்கிக்கொண்டே இருக்கிறார்கள். மெட்டாக்ரிட்டிக் ஓர் ஊடகம் முதலில் கொடுத்த மதிப்பெண்ணை மட்டுமே ஏற்கும். பிற்பாடு திருத்தினால் எடுத்துக்கொள்ளாது. நிறுவனங்கள் நெருக்கி எண்ணை ஏற்ற வைப்பதைத் தடுக்க வந்த நல்ல விதிதான், ஆனால் இப்படி மாறிக்கொண்டே போகும் கேம்களுக்கு அது பொருந்தவில்லை. கடந்த ஓராண்டுக்குள் எழுதப்பட்ட விமர்சனங்களைத் தேடிப் படியுங்கள். கிரகம் கிரகமாகச் சுற்றுவது, பொருள் சேகரிப்பது, வீடு கட்டுவது பிடிக்கும் என்றால் தள்ளுபடி முடிவதற்குள் வாங்குங்கள். அழுத்தமான கதை வேண்டும் என்றால் அந்தப் பணத்தை வேறு கேமுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.