பூசி மறைக்கும் முன் ஒரு படம்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிப்பவர்களுடையவை. ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும் என்ற பதற்றம் எல்லாவற்றிலும் தெரிகிறது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

அக்கா, நானும் மனைவியும் கும்பகோணத்தில் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் சொந்தமாக வீடு வாங்கிய முதல் ஆட்கள் நாங்கள்தான். முன்கட்டு மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய தளம்), பின்கட்டு பிற்பாடு போட்ட கான்கிரீட். வேலை ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. மனைவி தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் குடும்ப குரூப்பிலும் படம் போடுகிறாள். சித்தப்பா வாசற்காலை மாற்றச் சொல்கிறார், அவளுடைய அத்தை இந்தக் காசுக்குப் புது ஃபிளாட்டே வாங்கியிருக்கலாமே என்கிறார். இந்தப் பேச்சைக் கேட்டே டைல்ஸ் தேர்வை இரண்டு தடவை மாற்றிவிட்டோம். படம் போடாதே என்றால் சண்டை. நிறுத்தச் சொல்வதா? வேலையை எந்த வரிசையில் செய்வது என்றும் சொல்லுங்கள்.
– வாசகர், கும்பகோணம்

தம்பி, நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டு குடும்பத்திலும் முதல் வீடு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சந்தோஷத்தைப் பூட்டி வைக்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது. படம் போடுவதில் தப்பே இல்லை, எந்தப் படத்தைப் போடுகிறீர்கள் என்பதில்தான் சிக்கல். டைல்ஸ் சாம்பிளையும் பெயிண்ட் கார்டையும் போட்டால் ஊரில் எல்லாருக்கும் கருத்து இருக்கும், அது இயற்கை. சுவரை வெட்டிப் பைப் புதைத்திருக்கும் படத்தைப் போட்டுப் பாருங்கள், குரூப் அமைதியாகிவிடும். ரிடையர் ஆன எலெக்ட்ரீஷியன் மாமா யாராவது ஒருவர் மட்டும் ‘எர்த் ஒயர் எங்கே காணோம்’ என்று கேட்பார், அது நீங்கள் காது கொடுக்க வேண்டிய கேள்வி.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டு வேலை நடந்தபோது புதுக் கதவு, புது ஸ்விட்ச், வாசலில் வைத்த செடி என்று நூற்றுக்கணக்கில் படம் எடுத்தேன். பாத்ரூம் சுவருக்குள் பைப் எந்த வழியாகப் போகிறது என்பதற்கு ஒரு படம்கூட இல்லை. குடிபோன மூன்றாம் மாதம் கண்ணாடி மாட்ட டிரில் போட்டோம், நேராகப் பைப்பில் இறங்கியது. மோட்டாரை நிறுத்தி, மேல் டேங்க் வால்வைத் தேடிப்பிடித்து மூடுவதற்குள் ஹால் வரை தண்ணீர். பிளம்பரைக் கூப்பிட்டால் ‘நான் நேராத்தான் கொண்டுபோனேன், நீங்கதான் கோணலா அடிச்சிருக்கீங்க’ என்றார். என்னிடம் படம் இல்லையே, என்ன சொல்ல முடியும்?

அதனால் சுவரைப் பூசுவதற்கு முன்பும் தரையை மூடுவதற்கு முன்பும் ஒவ்வொரு சுவரையும் எடுங்கள். படத்தில் கதவு நிலையோ ஜன்னலோ அவசியம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அது எந்தச் சுவர் என்று உங்களுக்கே புரியாது. தரையிலிருந்து பைப் வரை டேப்பைப் பிடித்துக்கொண்டு அளவு தெரிய இன்னொரு படம். மனைவிக்குத்தான் படம் எடுப்பதில் ஆசையாயிற்றே, இந்தப் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். குரூப்புக்குத் தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் போதும். சனிக்கிழமை கூலி கொடுத்து முடித்த பிறகு, வாசற்படியில் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் ஒரு படம், அதோடு அந்த வாரம் முடிந்த வேலை இரண்டு மூன்று. இனிமேல் செய்யப்போவதைப் போடாதீர்கள். டைல்ஸ் ஒட்டி முடிந்த பிறகு போட்டால் அத்தை ‘நல்லாருக்கு’ என்றுதான் சொல்வார், மனசுக்குள் என்ன நினைத்தாலும்.

வரிசைக்கு வருகிறேன். தலையிலிருந்து கால் வரை, அதிலும் தண்ணீர்தான் முதல். முன்கட்டில் உத்திரத்தைப் பாருங்கள். கட்டை நடுவில் கெடுவதைவிடச் சுவருக்குள் நுழையும் முனையில்தான் முதலில் கெடும், ஓதமும் கறையானும் சேரும் இடம் அது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், தட்டினால் பொத்துச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கட்டைகளுக்கு மேல் சின்னச் செங்கலைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதித்திருப்பார்கள். ஒழுகினால் பெரும்பாலும் தட்டோட்டு இடுக்கிலோ கைப்பிடிச் சுவரின் ஓரத்திலோதான் விரிசல் இருக்கும், அதைத் திறந்து சுண்ணாம்புக் கலவையிலேயே சரிசெய்யலாம். ‘மேலே மூணு அங்குலம் கான்கிரீட் போட்டுட்டா கவலையே இல்ல சார்’ என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். மூன்று அங்குலக் கான்கிரீட் சதுர அடிக்கு ஏறக்குறைய 17 கிலோ. 200 சதுர அடி முன்கட்டு என்றால் 3 டன்னுக்கு மேல், இத்தனை வருஷமாகத் தூக்கிக்கொண்டிருக்கும் மரக்கட்டை தலையில். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பின்கட்டுக் கான்கிரீட்டில் அடிப்பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். துருப்பிடித்தால் கம்பி பருக்கும், பருத்தால் கான்கிரீட்டை வெளியே தள்ளும், அதன் மேல் வெறும் சிமெண்டை அப்பினால் அதுவும் பின்னாலேயே விழும். தளர்ந்ததை எல்லாம் தட்டி எடுத்து, துருவைத் தேய்த்து, கம்பிக்குத் துருத்தடுப்பு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தால் இன்ஜினீயர் பார்க்காமல் எதுவும் செய்யக் கூடாது.

அதற்கப்புறம் ஒயரிங்கும் பிளம்பிங்கும். பழைய ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே உப்பு படிந்து பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை சுருங்கியிருக்கும், முழுவதையும் மாற்றிவிடுங்கள். மரச்சட்டத்தில் ஓடும் பழைய ஒயரிங்கில் எர்த் இருந்தால் அதிசயம். எர்த்தும், மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் மெயின் போர்டை மூட விடாதீர்கள். பிறகு பூச்சு, பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங், தரை, கடைசியில் பெயிண்ட். பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் வடிகாலை அடைத்து ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் தண்ணீர் தேக்கி வையுங்கள். மேஸ்திரி முணுமுணுப்பார், வேலை நிற்கிறது என்பார். நிற்கட்டும்.

ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்க நடுச்சுவரை இடிக்கலாமா? படம் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, நாமக்கல்

படத்தைப் பார்த்து இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லக் கூடாது, நான் உட்பட. 9 அங்குலச் சுவர் என்றால் மேல்தளத்தைத் தாங்குகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை அங்குலமாக இருந்தாலும் மேலே மாடியில் அதே கோட்டில் இன்னொரு சுவர் நிற்கலாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரை நேரில் வரவழைத்துக் கேளுங்கள், டைல்ஸில் பாதி அறைக்கு ஆகும் காசுதான் கேட்பார். இடிக்க முடியாது என்றால் வருத்தப்படாதீர்கள், நம் சமையலில் தாளிக்கும் நெடி ஹால் சோபாவில் ஏறாமல் இருப்பதற்கு அந்தச் சுவர்தான் காரணம்.

வாங்கிய வீட்டில் கீழ்ச்சுவர் மூன்றடி உயரத்துக்கு ஓதமடித்து உப்பு பூக்கிறது. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தேன், நாலே மாதத்தில் உரிந்துவிட்டது. டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்கிறார்கள்.
– வாசகர், மயிலாடுதுறை

மறைந்துவிடும், உண்மைதான். அப்புறம் டைல்ஸுக்கு மேலே நாலாவது அடியில் பூக்கும். சுவருக்குள் ஏறிய தண்ணீர் வெளியேற ஒரு வழி தேடும், நீங்கள் மூன்றடியை அடைத்தால் அது இன்னும் உயரே போய் வெளியேறும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பாலிதீன் தாள் ஒரு சதுர அடி வெட்டி நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வெளிப்பக்கம் என்றால் அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை. சுவரிலிருந்துதான் என்றால் வெளியே போய் நில்லுங்கள். பக்கத்துப் பாத்ரூம் கசிகிறதா, மழைத் தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா, ரோட்டை உயர்த்தி உயர்த்தி உங்கள் பேஸ்மட்டத்தை விழுங்கிவிட்டார்களா? கடைசியில் சொன்னதுதான் நம் ஊர்களில் அதிகம், அதற்கு வெளியே சரிவும் வடிகாலும் கொடுக்காமல் உள்ளே என்ன பூசினாலும் வீண்.

சுண்ணாம்புச் சுவராக இருந்து, பிற்காலத்தில் யாரோ மேலே சிமெண்ட் பூசியிருந்தால் அதையும் தட்டி எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சுவரை இரண்டு மூன்று மாதம் காயவிட்டு, உப்பைத் தண்ணீர் தொடாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, திரும்பச் சுண்ணாம்பிலேயே பூசுங்கள். அதுவரை சுவர் அசிங்கமாகத்தான் இருக்கும், சொந்தக்காரர்கள் வந்தால் பீரோவை நகர்த்தி வையுங்கள்.

கான்ட்ராக்டர் முன்பணமாகப் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டு பத்து நாளாக வரவில்லை. போன் எடுக்கிறார், ‘நாளைக்கு’ என்கிறார்.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

போன் எடுக்கிறாரே, அதுவரை நல்லது. உங்கள் காசு வேறொருவர் வீட்டுத் தளத்தில் இறங்கியிருக்கும், அந்த வீட்டுக்காரர் கொடுக்கும் காசில் உங்கள் வேலை நடக்கும், இந்தச் சுழற்சியில்தான் பல பேர் தொழில் ஓடுகிறது. கோபப்பட்டுக் கத்தினால் போன் எடுப்பதும் நின்றுவிடும். நேரில் உட்கார வைத்து, முடிந்த வேலை எவ்வளவு, அதற்கான காசு எவ்வளவு, மீதி எந்தத் தேதிக்குள் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாராவாரம் எடுத்த படம் இருந்தால் எவ்வளவு முடிந்தது என்ற வாக்குவாதமே வராது, கையில் படம் இல்லாதவர்கள்தான் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது.

இனி யாருக்கும் வேலை முடிய முடியத்தான் காசு. கான்கிரீட் பாகம் போட்டதும் இவ்வளவு, பூச்சு முடிந்ததும் இவ்வளவு என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள், கடைசித் தவணை கொஞ்சம் கனமாக இருக்கட்டும். ‘எக்ஸ்ட்ரா’ என்ற சொல்லைக் கேட்டதும் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். இன்னொன்று, புதுப்பிக்கக் கடன் வாங்கினால் வரிச் சலுகை நிறையக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் பழைய வரிமுறையில், வாங்கவோ கட்டவோ எடுத்த கடனின் வட்டிக்குத்தான் 2 லட்சம் வரை கழிவு, பழுதுபார்க்கும் கடன் வட்டிக்கு வருஷத்துக்கு 30,000 ரூபாய்தான்.

வீட்டு வேலைப் படத்தை வெளியில் போட்டால் கண்பட்டுவிடும் என்று மாமியார் தடுக்கிறார்.
– வாசகி, தூத்துக்குடி

மாமியார் பூசணிக்காயில் திருஷ்டிப் பொம்மை வரைந்து வாசலில் கட்டட்டும், நீங்கள் படத்தை எடுத்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது: பூட்டு, பின்வாசல், நகை வைக்கும் பீரோ இருக்கும் அறை, வீட்டில் யாரும் இல்லாத நாட்கள், இவையெல்லாம் தெரியும் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பூச்சுக்கு எத்தனை நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும்? மேஸ்திரி மூன்று நாள் போதும் என்கிறார்.
– வாசகர், ஓசூர்

போதாது. சாதா சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், மூட்டையில் பி.பி.சி. (பொசலானா கலந்த சிமெண்ட்) என்று அச்சிட்டிருந்தால் 10 நாள். மத்தியான வெயிலில் ஊற்றியது அரைமணியில் காய்ந்துவிடும், காலையும் மாலையும் நீங்களே ஊற்றுங்கள். பெயிண்டுக்கு அதற்கப்புறமும் சுவர் நன்றாகக் காய வேண்டும், ஒரு மாதம் விட்டால் நல்லது. கிரகப்பிரவேசத் தேதியைக் குறித்துவிட்டு அதற்காகச் சுவரை அவசரப்படுத்துவதுதான் நான் பார்த்ததில் அதிகச் செலவு வைக்கும் பழக்கம். வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவரோடு பால் காய்ச்சுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

அக்கா, நாங்கள் வாங்கிய வீட்டில் சிவப்புக் காவித் தரை. அங்கங்கே மங்கலாக இருக்கிறது, ஓரிடத்தில் மயிரிழை விரிசல். எடுத்துவிட்டு வெள்ளை டைல்ஸ் போடலாம் என்று கணவர் சொல்கிறார். எனக்கு மனசில்லை. வீட்டில் 82 வயதுப் பாட்டி இருக்கிறார்.
– வாசகி, காரைக்குடி

உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது. அந்தத் தரையைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றும் கொத்தனார்கள் இப்போது குறைவு, உங்கள் ஊர்ப்பக்கம் தேடினால் இன்னும் கிடைப்பார்கள், எடுத்துவிட்டால் திரும்ப அதே மாதிரி வராது. விரிசல் அகலமாகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் ஆசிட் ஊற்றிக் கழுவியிருப்பார்கள், அது சிமெண்டையே அரித்துவிடும், இனி அந்தப் பாட்டில் வீட்டுக்குள் வரக் கூடாது. பெயிண்ட் வேலை நடக்கும் நாட்களில் தரை மேல் பழைய போர்வையும் அதன் மேல் சாக்கும் விரியுங்கள், சிந்தினால் சுரண்ட வேண்டியிருக்கும், சுரண்டினால் மெருகு போய்விடும்.

எல்லாம் முடிந்ததும் வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகு ஒரு பழைய பருத்தித் துணியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு அழுத்தித் தேயுங்கள். நாலு சொட்டுதான், பாட்டி நடக்கும் வழியில் அதுவும் வேண்டாம்.