கேள்வி பதில்: கேம் கன்சோலின் ஹார்ட் டிஸ்க்கைக் கணினியில் மாட்டினால் சேவ் கிடைக்குமா?

கன்சோலிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் சேவ், படம், வீடியோ பற்றிப் பினாங்கிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: டிஸ்க் பழுதா, பூட்டா (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்ததா) என்று முதலில் கண்டுபிடியுங்கள். பழுதுக்குப் பல வழி உண்டு. பூட்டுக்குச் சாவி கன்சோலின் போர்டில் மட்டும்தான்.

ஜெலுத்தோங்கிலிருந்து: அண்ணா, எக்ஸ்பாக்ஸ் 360-இன் போர்டு போய்விட்டது. 120 ஜிபி டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டினால் 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்லி விண்டோஸ் கேட்கிறது. டிஸ்க்கும் போச்சா?

போகவில்லை தம்பி, அந்தப் பெட்டியை 'கேன்சல்' பண்ணுங்கள். 360-இன் டிஸ்க்கில் விண்டோஸ் தேடும் பார்ட்டிஷன் அட்டவணையே (எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் பட்டியல்) கிடையாது. எந்தப் பகுதி எங்கே தொடங்கும் என்பது கன்சோலின் மென்பொருளில் நிலையாக எழுதப்பட்டிருக்கிறது. சேவ் இருக்கும் பகுதி 9,991,552-ஆவது செக்டரில் (செக்டர் என்பது டிஸ்க்கின் 512 பைட் துண்டு), அதாவது தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 5.1 ஜிபி தள்ளித் தொடங்கும். விண்டோஸ் முதல் செக்டரைப் பார்த்துவிட்டு 'காலி' என்கிறது.

முதலில் டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாகப் படியெடுங்கள். அதுதான் இமேஜ், எடுக்கும் வழி கீழே இருக்கிறது. அந்த இமேஜை, பைட்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து அந்த செக்டருக்குப் போங்கள். முதல் நான்கு பைட் 58 54 41 46 என்று இருந்தால் பகுதி உயிரோடு இருக்கிறது. பழைய முதல் எக்ஸ்பாக்ஸில் இதே நான்கும் தலைகீழாக 46 41 54 58 என்று வரும். இந்த ஃபைல் அமைப்புக்குப் பெயர் ஃபேட்எக்ஸ். விண்டோஸில் இதைப் படிக்க ஃபேட்எக்ஸ்ப்ளோரர் என்ற மென்பொருள் போதும்.

உள்ளே 'கன்டென்ட்' என்ற ஃபோல்டர். அதற்குள் 16 எழுத்து எண்ணோடு இருக்கும் ஃபோல்டர் ஒவ்வொன்றும் ஒரு ப்ரொஃபைல், எல்லாம் 0 என்றிருப்பது மட்டும் பொதுவானது. அதற்குள் விளையாட்டுக்கு ஒரு 8 எழுத்து எண், அதற்குள் 00000001 என்றிருப்பதுதான் சேவ். சேவை மட்டும் எடுத்து ப்ரொஃபைலை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் வேறு கன்சோலில் சேவ் உங்களுடையதாக ஏறாது. பெயரையும் மாற்ற வேண்டாம்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து: நான் ஏற்கனவே 'இனிஷியலைஸ்', ஜிபிடி என்று அழுத்திவிட்டேன். இப்போது?

ஜிபிடி என்பது ஒரு வகைப் பார்ட்டிஷன் அட்டவணை. அது எழுதப்படுவது டிஸ்க்கின் முதல் 34 செக்டரிலும் கடைசிச் சில செக்டரிலும். சேவ் 5.1 ஜிபி தள்ளி இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது, கணினியில் எடுத்துவிடலாம். அடிபடுவது 16-ஆவது செக்டர். மைக்ரோசாஃப்டின் டிஸ்க் என்று 360 அடையாளம் காணும் கையெழுத்து அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே அதே டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் கன்சோல் ஏற்காமல் போகலாம். முதலில் இமேஜ் எடுத்திருந்தால் அந்தச் செக்டர்களைத் திருப்பி எழுதியிருக்கலாம். இனி 'நியூ வால்யூம்', 'ஃபார்மேட்' எதையும் தொடாதீர்கள்.

பாயான் லெப்பாஸிலிருந்து: டிஸ்க்கைக் கழற்ற என்னென்ன வேண்டும்? இமேஜ் எப்படி எடுப்பது?

பழைய 360-இன் மேல் உட்காரும் பெட்டியில் டி6 (T6) நட்சத்திரத் திருகு, உள்ளே தகட்டில் டி10 (T10). பெட்டித் திருகுகளில் ஒன்று ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். திருகு விடவில்லை என்று பலர் பெட்டியை உடைப்பது இதனால்தான். மெலிந்த 'எஸ்' மாடலின் பெட்டிக்குத் திருகே இல்லை, கிளிப்தான். உள்ளே இருப்பது சாதாரண 2.5 அங்குல சாட்டா டிஸ்க். யூஎஸ்பி சாட்டா கேபிள் கொம்தாரில் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும்.

இமேஜுக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மென்பொருள். முதல் ஓட்டத்தில் சிறிய 'என்' (-n) விருப்பம் கொடுங்கள்: நன்றாக இருக்கும் பகுதியை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடத்தைச் சுரண்டாமல் விட்டுவிடும். இரண்டாம் ஓட்டத்தில் 'டி'யும் (-d) 'ஆர்3'யும் (-r3). விட்ட இடங்களை மூன்று முறை முயலும். இரண்டிலும் அதே மேப் ஃபைலைக் (எது படித்தாயிற்று, எது பாக்கி என்ற குறிப்பு) கொடுக்க மறந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். யூஎஸ்பி 2-இல் நொடிக்கு 30 எம்பி கிடைத்தால் 250 ஜிபிக்கு இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இமேஜை வைக்கும் டிஸ்க் ஃபேட்32-இல் இருந்தால் 4 ஜிபியில் நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ட்4 வேண்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து: அண்ணே, தம்பி என் சேவை அழித்துவிட்டான். 360-இல் அழித்ததை மீட்க முடியுமா?

பாதி வாய்ப்பு உண்டு தங்கச்சி. ஃபேட்எக்ஸில் ஒரு ஃபைலுக்கு 64 பைட் பதிவு இருக்கும்: பெயரின் நீளம், பெயர், தொடங்கும் கிளஸ்டர் (ஃபைலை வைக்கும் இடத் துண்டு), அளவு, தேதி. அழிக்கும்போது முதல் பைட்டில் மட்டும் 'அழிந்தது' என்று குறி விழும். பெயர், தொடக்கம், அளவு மூன்றும் அப்படியே நிற்கும். காணாமல் போவது கிளஸ்டர்களைக் கோக்கும் சங்கிலி. ஆகவே ஃபைல் ஒரே தொடராக எழுதப்பட்டிருந்தால் தொடக்கமும் அளவும் போதும், முழுசாக வரும். பல முறை எழுதி எழுதிச் சிதறிப்போன பெரிய சேவ் என்றால் முதல் துண்டு சரியாகவும் மீதி வேறு விளையாட்டின் குப்பையாகவும் வரும். இந்த வேலைக்கு ஃபேட்எக்ஸ்டூல்ஸ் என்ற மென்பொருள் இமேஜையே திறந்து தேடும். அதுவரை அந்தக் கன்சோலை ஆன் பண்ணவே வேண்டாம். ஒரு புது விளையாட்டை இறக்கினாலே பழைய இடம் நிரம்பிவிடும்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: பிளேஸ்டேஷன் 3 செத்துவிட்டது. டிஸ்க்கை இன்னொரு பிஎஸ்3-இல் மாட்டினால் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. கணினியிலும் ஒன்றும் தெரியவில்லை.

இதுதான் பூட்டு. டிஸ்க் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டது, சாவி அந்த ஒரு போர்டுக்கே உரியது. எந்த மீட்பு மென்பொருளை வாங்கினாலும் அர்த்தமில்லாத குப்பையைத்தான் காட்டும், காசைச் செலவழிக்காதீர்கள். வழி ஒன்றுதான்: அதே போர்டை உயிர்ப்பிப்பது. ரிப்பேர் கடையில் விடும்போது "போர்டை மாற்ற வேண்டாம், இதே போர்டு அரைமணி ஓடினால் போதும்" என்று சொல்லிவிடுங்கள். வேறு போர்டு வைத்துக் கொடுத்தால் கன்சோல் ஓடும், சேவ் போயே போச்சு. ஓடியதும் ஃபேட்32 பென்டிரைவில் சேவ்களைக் காப்பி செய்யுங்கள். பிஎஸ்3 வேறு ஃபார்மேட்டைப் படிக்காது. சில விளையாட்டுகளின் சேவ் காப்பி தடை போட்டது, அது பென்டிரைவில் போகாது.

பிறையிலிருந்து: பிஎஸ்4-இல் டிஸ்க் மட்டும் மெதுவாகி அடிக்கடி நிற்கிறது. கன்சோல் நன்றாக இருக்கிறது.

அப்படியென்றால் சாவி கையில் இருக்கிறது, நல்ல செய்தி. கன்சோல் ஓடும் இப்போதே செட்டிங்ஸில் சேவ்டு டேட்டா பகுதியிலிருந்து யூஎஸ்பிக்குக் காப்பி செய்யுங்கள். ஓடவில்லை என்றால் முழுதாக அணைத்து, பவர் பட்டனை ஏறக்குறைய 7 நொடி, இரண்டாவது பீப் வரை அழுத்துங்கள். சேஃப் மோட் வரும். கன்ட்ரோலரை வயரில் இணைக்க வேண்டும். 5-ஆவது தேர்வு ரீபில்ட் டேட்டாபேஸ், அது சேவைத் தொடாது. 6, 7 இரண்டுமே எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி, அதே அளவோ பெரிதோ ஆன புது டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூவால் செக்டர் செக்டராகப் படியெடுத்து, அதே பிஎஸ்4-இல் மாட்டிப் பாருங்கள். உள்ளடக்கம் பூட்டியே இருந்தாலும் படியும் அதே பூட்டோடு போகிறது, கன்சோலின் சாவி அதைத் திறக்கும். டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு எழுத 'எஃப்' (-f) விருப்பம் வேண்டும். அதைச் சேர்த்துவிட்டால் தடுக்க ஆளில்லை. மூலம் முதலில், சேருமிடம் அடுத்து. மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் பழைய டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். டிஸ்க் பட்டியலில் சீரியல் எண்ணைப் பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

தஞ்சோங் தோக்கோங்கிலிருந்து: டிஸ்க் டிக் டிக் என்கிறது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் வெளியே எடுத்த மறுநிமிடம் டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டு வேர்க்கும், அதில் ஹெட் (தட்டைப் படிக்கும் முனை) ஓடினால் கதை முடிந்தது. டிக் சத்தம் என்றால் கரண்ட் கொடுப்பதை நிறுத்திவிட்டுச் சுத்த அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். சத்தமே இல்லாமல் படிக்காமல் இருக்கிறது, வீடும் கடலோரம் என்றால் ஒன்று செய்து பார்க்கலாம்: டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சைப் போர்டைக் கழற்றுங்கள். உள்பக்கம் ஹெட்டுக்குப் போகும் தொடுபுள்ளிகள் கறுத்திருந்தால் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். வெள்ளி மூடியை மட்டும் திறக்காதீர்கள்.