பழுதைக் கணக்கிடும் படிப்பு

"இரவில் தூக்கமே வரவில்லை" என்று தொடங்குகிறது அந்தத் தாயின் கடிதம். மகள் கணினி அறிவியலில் இறுதியாண்டு. வீட்டை அடமானம் வைத்தாவது செயற்கை நுண்ணறிவில் முதுகலை படிக்க வையுங்கள் என்று சித்தப்பா நெருக்குகிறார். மகளோ, கணினிகள் எப்போது, ஏன் பழுதாகும் என்று கணக்கிடும் துறையில் ஆய்வு செய்து பேராசிரியர் ஆக வேண்டும் என்கிறாள். இப்படியும் ஒரு படிப்பு உண்டா என்பது தாயின் கேள்வி.

உண்டு, அம்மா. உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆறுதலோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியாது. வீட்டை அடமானம் வைக்காதீர்கள். அவள் கேட்காத படிப்புக்கு வாங்கும் கடனின் தவணையைச் சித்தப்பா கட்டப்போவதில்லை, அவள்தான் கட்ட வேண்டும். அந்தப் படிப்பைப் பற்றி ஊரே பேசுகிறது. நான் பேச வேண்டியதில்லை. மகள் விரும்பும் துறையைத்தான் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு ஹார்ட் டிஸ்க் பழுதாகச் சராசரியாகப் பத்து லட்சம் மணி நேரம் ஆகும் என்று தயாரிப்பாளர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 114 ஆண்டுகள்! அந்த டிஸ்க் அத்தனை காலம் உழைக்கும் என்று இதற்குப் பொருளல்ல. 10,000 டிஸ்க்குகள் ஓடும் ஒரு தரவு மையத்தில் சராசரியாக 100 மணி நேரத்துக்கு ஒன்று செயலிழக்கும் என்று பொருள். அதை மாற்றி, தரவை மீண்டும் எழுதி முடிப்பதற்குள், அதே தரவின் நகலை வைத்திருக்கும் மற்றொன்றும் போய்விட்டால்? அந்த வாய்ப்பை அளக்கத்தான் நிகழ்தகவும், ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறும் வாய்ப்பைக் கணக்கிடும் மார்க்கோவ் சங்கிலிகளும் வேண்டியிருக்கின்றன. நாள்கணக்கில் ஓடும் மென்பொருளுக்கும் முதுமை உண்டு. எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராததால், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எப்போது நிறுத்தி மறுபடி தொடங்கினால் இழப்பு குறைவு என்ற கேள்வி 1990களில் தனி ஆய்வுக் கிளையாகவே வளர்ந்தது.

இரண்டு கருவிகள் இருந்தால் ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்று நம்புகிறோம். 1996 ஜூன் 4 அன்று புறப்பட்ட ஏரியான் 5 ராக்கெட்டில் திசையறியும் கணினிகள் இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே மென்பொருள். ஒரே பிழை இரண்டையும் முடக்க, சுமார் 40 நொடிகளில் ராக்கெட் சிதறியது. பழுதுகள் ஒன்றையொன்று சாராதவை என்று எண்ணி, அவற்றின் நிகழ்தகவுகளைப் பெருக்கிப் பெற்ற சிறிய எண்ணுக்கு அங்கே மதிப்பில்லை. அப்படிப்பட்ட அனுமானம் எங்கே உடையும் என்று முன்கூட்டியே தேடுபவர்கள் குறைவு. உங்கள் மகள் அவர்களில் ஒருத்தியாக விரும்புகிறாள். விமானம், மருத்துவக் கருவி, வங்கி என எல்லா இடத்திலும் அவர்கள் தேவைப்படுகிறார்கள்.

பாதை நீளமானது. முனைவர் பட்டத்துக்கே நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஆகலாம். அதன்பிறகும் பேராசிரியர் பணியிடங்கள் சிலவே. அதனால்தான் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: உதவித்தொகையும் கட்டண விலக்கும் இல்லாத முனைவர் பட்ட இடத்தை அவள் ஏற்கக் கூடாது, எவ்வளவு பெரிய பெயருள்ள பல்கலைக்கழகமானாலும் சரி. வழிகாட்டியின் அண்மைக் கட்டுரைகளை அவள் படிக்கட்டும். அவரிடம் படித்து முடித்தவர்களிடம் பேசட்டும்.

இப்போதைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரே தரவின் நகல்களை வைத்திருக்கும் இரண்டு டிஸ்க்குகள், பழுதுபார்க்க ஒரே ஆள்: தரவு முழுவதும் தொலைய எவ்வளவு காலம் ஆகும்? காகிதத்தில் கணக்கிடட்டும், பிறகு நிரல் எழுதிச் சரிபார்க்கட்டும். இரு வாரம் அதிலேயே மூழ்கிக் கிடந்தால், விடையை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். அன்று சித்தப்பாவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.