மகள் சுகாதாரக் கொள்கை ஆராய்ச்சி படிக்க விரும்பினால்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா,

டாக்டருக்குப் படிப்பாள் என்று நம்பியிருந்த மகள் திடீரென்று சுகாதாரக் கொள்கையில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள், இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான். ஆனால் மருத்துவப் படிப்புக்கு இருப்பதுபோல இதற்கு ஒரே நேர்வழி கிடையாது. படித்து முடித்தால் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் ஒட்டிக்கொள்ளும், ஊரே தெரிந்துகொள்ளும் என்ற உறுதியும் இல்லை. உங்கள் கவலை அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தத் துறையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 1971-ல் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊரில் வைத்தியம் பார்த்தவர் அவர். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது, அதைச் சந்தையின் கையில் விட்ட இடங்களில் நிலைமை இன்னும் மோசம் என்றார். 50 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஏன் அப்படி, எதைச் செய்தால் மாறும் என்பதைத்தான் உங்கள் மகள் படிக்க விரும்பும் துறை இன்னமும் அளந்துகொண்டும் வாதாடிக்கொண்டும் இருக்கிறது.

வாதம் எவ்வளவு கடுமையாகப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2008-ல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் சுமார் 10,000 இடங்கள் இருந்தன. கேட்டு வந்தவர்களோ 90,000 பேர் அளவுக்கு. யாருக்குக் கொடுப்பது? குலுக்கல் போட்டார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு அது அரிய வாய்ப்பு. காப்பீடு கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் அதிர்ஷ்டம் தவிர வேறு வித்தியாசம் கிடையாது என்பதால் இரண்டு தரப்பையும் நேராக ஒப்பிட முடிந்தது. காப்பீடு பெற்றவர்கள் மருத்துவரை அதிகம் பார்த்தார்கள், மனச்சோர்வு குறைந்தது, மருத்துவச் செலவால் குடும்பம் நொடிந்துபோவது கிட்டத்தட்ட நின்றேபோனது. ஆனால் இரண்டு ஆண்டுக்குப் பிறகு பார்த்தபோது ரத்த அழுத்தத்திலும் கொழுப்பு அளவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை.

உடனே சண்டை தொடங்கியது. உடம்பு தேறவில்லையே, அப்புறம் காப்பீட்டுக்கு ஏன் இவ்வளவு பணம் என்றார்கள் ஒரு பக்கம். இரண்டு ஆண்டு போதாது, ஆய்வில் ரத்த அழுத்த நோயாளிகளும் குறைவு, கடனிலிருந்து காப்பாற்றுவதே காப்பீட்டின் முதல் வேலை என்றார்கள் மறுபக்கம். இரண்டு தரப்பும் வைத்திருந்தது ஒரே எண்கள்தான். இந்தக் கதையை மகளிடம் சொல்லிப் பாருங்கள். அவள் உடனே ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு தயங்கி, "அந்த ஆய்வில் எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் இருந்தது?" என்று கேட்டால், அவளுக்கு இந்தத் துறை பொருந்தும் என்பேன். நல்லெண்ணம் மட்டும் இருந்து இந்தக் கேள்வி வராவிட்டால் சேவை சார்ந்த வேறு நல்ல படிப்புகள் இருக்கின்றன.

இப்போது சூடாக இருக்கும் இன்னொரு விவாதம் கணினி வழிமுறைகள் பற்றியது. 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று கணிக்க அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு மென்பொருளை ஆராய்ந்தது. நோயின் தீவிரத்துக்குப் பதிலாக, அந்த நோயாளிக்கு ஆன செலவை அது அளவுகோலாக வைத்திருந்தது. கறுப்பின நோயாளிகளுக்கு நோய் அதிகம் இருந்தும் செலவு குறைவாகவே செய்யப்பட்டிருந்தது. அதனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று மென்பொருள் முடிவுகட்டியது. அந்தப் பிழையைத் திருத்தினால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டார்கள். எந்த மருத்துவரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. யாரோ ஓர் அளவுகோலைத் தேர்ந்தெடுத்ததில் இத்தனை பேர் விடுபட்டுப் போனார்கள். இதைக் கண்டுபிடிக்க மருத்துவமும் தெரிய வேண்டும், புள்ளியியலும் தெரிய வேண்டும்.

அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இளங்கலையில் 'சுகாதாரக் கொள்கை' என்ற பெயர் இருக்கிறதா என்று தேடி அலைய வேண்டாம். புள்ளியியல், பொருளாதாரம், செவிலியர் படிப்பு, சமூகவியல், மருத்துவம் என்று எந்த வாசல் வழியாகவும் உள்ளே வரலாம். எதை எடுத்தாலும் புள்ளியியலை ஆழமாகக் கற்கட்டும். புள்ளியியல் கணக்குப் போட உதவும் 'ஆர்' (R) போன்ற மென்பொருள் இலவசம், வீட்டிலிருந்தே பழகலாம். நோய்ப்பரவியல் (நோய்கள் மக்களிடையே யாருக்கு, ஏன் வருகின்றன என்று ஆராய்வது), உயிரியல் புள்ளியியல், சுகாதாரப் பொருளாதாரம் எல்லாம் முதுகலையில் வரும். பொது சுகாதார முதுகலைக்குப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள். இளங்கலைக்கும் முதுகலைக்கும் நடுவில் ஓரிரு ஆண்டு மருத்துவமனையிலோ களஆய்விலோ வேலை பார்த்துவிட்டு வந்தால் பாடம் வேறு மாதிரி புரியும். நான் பெரிதும் விரும்புகிற வழி இதுதான்.

வருமானம் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். சிகிச்சை செய்யும் நிபுணர் அளவுக்குச் சம்பளம் வராது. அரசுத் துறைகள், பல்கலைக்கழகங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், மருந்து நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள் எல்லாவற்றிலும் இடம் உண்டு. ஆனால் ஆராய்ச்சிப் பணிகளில் பல, நிதி இருக்கும்வரைதான். 2025-ல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டைக் கலைத்தபோது உலகம் முழுக்க சுகாதாரத் திட்டங்கள் நின்றன, இந்தத் துறையில் இருந்த பலர் வேலை இழந்தார்கள். தரவைக் கையாளத் தெரிந்தவருக்கு வேறு துறைகளும் திறந்திருக்கும். அறிக்கை எழுத மட்டும் தெரிந்தவருக்கு அந்த வசதி குறைவு. புள்ளியியல் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்தும் அவள் இதையே கேட்டால்? மருத்துவம் முடித்துவிட்டு இதற்கு வரலாமே என்று ஒரு முறை பேசிப் பாருங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். நோயாளியைத் தொட்டுப் பார்த்து வைத்தியம் செய்ய அவளுக்கு விருப்பம் இருக்கிறதா என்பதுதான் அங்கே கேட்க வேண்டியது. இல்லை என்றால் அத்தனை ஆண்டுகளை அங்கே செலவிடச் சொல்வது நியாயமில்லை.

இந்த விடுமுறையில் ஒரேகான் ஆய்வைப் பற்றி அவளே தேடிப் படித்து, இரு தரப்பு வாதத்தையும் இரண்டு பக்கத்தில் எழுதட்டும். எழுதியதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். படித்துவிட்டு, எந்த இளங்கலை அவளுக்குச் சரியாக இருக்கும் என்று மூவரும் உட்கார்ந்து பேசலாம்.